இரண்டு பகலும் இரண்டு இரவும்: அரிசிக் கள்ளின் ஆயுள்

இன்று மாலை திருவண்ணாமலையில் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அரிசிக் கள். சோற்றைப் புளிக்கவைத்து, பிழிந்து, வடித்து எடுத்த கள். அதை நம் முன்னோர் எப்படிச் செய்தார்கள்? எப்படி வைத்துக் காத்தார்கள்? கெட்டுப்போனதை எதைக் கொண்டு அறிந்தார்கள்? இந்த மூன்று கேள்விகளைத்தான் உங்கள் முன் வைக்கப்போகிறேன். சங்க காலத் தமிழர் அரிசி மதுவை மண்ணில் புதைத்து, ஆண்டுக்கணக்கில் முதிரவைத்துக் குடித்தார்கள் என்று மேடைகளில் பெருமையோடு பேசுகிறோம். சான்றுகளை எடுத்து வைத்துப் பார்த்தால் அவை வேறொன்றைச் சொல்கின்றன. நெல்லரிசிக் கள் நம் நாட்டில் வைத்துக் காக்கும் பண்டமாக இருந்ததில்லை. அது பருவம் பார்த்துக் குடித்து முடிக்கும் பண்டம். அந்தப் பருவத்தை அறிவதே அதைச் செய்தவர்களின் கலை. இதுதான் என் வாதம். இதற்குச் சான்று காட்டுகிறேன். இதை மறுப்பவர்கள் கேட்கக்கூடிய கேள்விகளுக்கும் விடை சொல்கிறேன்.

முதல் மறுப்பு இந்த மண்டபத்துக்கு உள்ளேயே எழும் என்பதை அறிவேன். அண்ணாமலையார் கோபுரம் தெரியும் இடத்தில் நின்றுகொண்டு கள்ளைப் பற்றிப் பேசலாமா? பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கால்நோக மலையைச் சுற்றி வரும் அடியார்களின் ஊரில் இது பேசத் தக்க பொருளா? கேள்வி நியாயமானது. அதற்கு என் விடையும் நேரானது. யாரையும் குடிக்கச் சொல்ல நான் இங்கே வரவில்லை. யாரையும் வீட்டில் பானை வைக்கச் சொல்லவும் வரவில்லை. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நம் மாநிலத்தில் நடப்பில் இருக்கிறது. 1987 முதல் கள் இறக்கவே தடை. சட்டம் சட்டமாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு சமூகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தன் மூக்காலும் நாவாலும் சேர்த்து வைத்த அறிவைப் பேசாமலே விட்டுவிட்டால், அந்த இடத்தில் அறியாமை வந்து உட்காரும். அந்த அறியாமைக்கு நம் அண்டை மாவட்டம் கொடுத்த விலையை இந்தப் பேச்சின் பிற்பகுதியில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே பொறுத்துக் கேளுங்கள்.

இந்தப் பொருளைப் பேச இந்த மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் எது? பத்துப்பாட்டில் பத்தாவதாக நிற்கும் மலைபடுகடாம் யாருடைய நாட்டைப் பாடுகிறது? செங்கத்தைத் தலைநகராகக் கொண்ட நன்னன் சேய் நன்னனின் நாட்டை. அதில் வரும் நவிரமலைதான் இன்று நாம் ஏறும் பர்வதமலை. அதில் வரும் சேயாறுதான் நம் செய்யாறு. பெருங்கௌசிகனார் கூத்தர்களுக்கு வழி சொல்லிக்கொண்டே வரும்போது, எந்தெந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும், என்ன குடி கிடைக்கும் என்று ஒன்றுவிடாமல் சொல்கிறார். மலைப்பகுதியில் மூங்கில் குழாயில் ஊற்றி விளைந்த தேன் கள்ளைச் சொல்கிறார். கீழே இறங்கி மருத நிலத்துக்கு வந்தால், இளவெயில் நேரத்தில் நெற்களங்கள்தோறும் சாடியிலிருந்து வார்த்துத் தரும் புதுத் தேறலைச் சொல்கிறார். மலையில் மூங்கிலில் விளைந்தது, சமவெளியில் சாடியில் வார்த்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் வாதத்துக்கு இதுவே முதல் படி. அடுத்து, செங்கத்தைச் சுற்றியும் தண்டராம்பட்டுப் பக்கமும் வயல்வெளிகளில் நிற்கும் நடுகற்களைப் பாருங்கள். வில்லும் வாளுமாக நிற்கும் வீரனின் காலடியில் பல கற்களில் மூக்குள்ள ஒரு கெண்டி செதுக்கப்பட்டிருக்கும். செத்த வீரனுக்குக் கள் படைக்கும் வழக்கத்தைப் புறநானூறு தெளிவாகச் சொல்கிறது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டில், நாரால் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் நடுகல்லுக்கு ஊற்றுவது பேசப்படுகிறது. இன்னொரு பாட்டில் நடுகல் நிற்கும் சிற்றூரையே வீட்டில் ஆக்கிய கள்ளை உடைய ஊர் என்று புலவர் அடையாளம் காட்டுகிறார். வீட்டில் ஆக்கியது! கடையில் வாங்கியதும் இல்லை, கப்பலில் வந்ததும் இல்லை.

அந்த வீட்டுக் கள் எப்படி ஆனது? இதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் சான்று வியப்பானது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அரிசிக் கள் செய்யும் முறையைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லிவிடுகிறார். இடம் வலைஞர் குடியிருப்பு. நன்றாகத் தீட்டாத, தவிடு போகாத அரிசி. அதைக் களியாகத் துழாவிக் கூழாக்குகிறார்கள். வாய் அகன்ற தட்டில் கொட்டி ஆற்றுகிறார்கள். ஆறிய கூழில் ஓர் அடையைப் பொடித்துக் கலக்கிறார்கள். வலிய வாயுள்ள சாடியில் இட்டு இரண்டு பகலும் இரண்டு இரவும் விட்டுவைக்கிறார்கள். இனிப்பு ஏறுகிறது. பச்சை வாடை போகிறது. பிறகு வெந்நீர் விட்டு, விரலால் அலசிப் பிழிந்து அரித்து எடுக்கிறார்கள். சுட்ட மீனோடு விருந்தினருக்குக் கொடுக்கிறார்கள். இதில் எத்தனை செய்தி இருக்கிறது பாருங்கள்! அரிசி என்ன, பாத்திரம் என்ன, சேர்மானம் என்ன, எத்தனை நாள், எந்த அடையாளம் கண்டு எடுப்பது, எப்படி வடிப்பது, எதோடு உண்பது, எல்லாமே இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று. வடித்ததை எங்கே வைத்தார்கள், எத்தனை நாள் வைத்தார்கள் என்ற பேச்சு இல்லை. இத்தனை நுணுக்கமாகச் சொன்ன புலவர் அதை மறந்தாரா? மறக்கவில்லை. வைக்கும் வழக்கம் இருந்திருந்தால் அவர் சொல்லியிருப்பார்.

பாட்டில் ஒன்று இல்லை என்பதை மட்டும் வைத்து வழக்கை முடிக்க முடியாது என்று நீங்கள் சொல்லலாம். சரி, சாடிக்குள் இறங்கிப் பார்ப்போம். அரிசியில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்டுக்கு மாவுச்சத்தை உண்ணத் தெரியாது. அதற்குச் சர்க்கரை வேண்டும். ஆகவே மாவை முதலில் சர்க்கரையாக உடைக்க ஏதாவது ஒன்று தேவை. உலகம் இதற்கு இரண்டு வழி கண்டது. ஒன்று, முளைகட்டிய தானியம். மற்றொன்று, பூஞ்சை படிந்த அடை. சீனமும் ஜப்பானும் இரண்டாம் வழியில் போயின. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் இன்றும் ஹண்டியா செய்பவர்கள் ராணு என்ற மாத்திரையைச் சோற்றில் பொடித்துப் போடுகிறார்கள்; அரிசிமாவோடு பச்சிலை வேர்களை அரைத்து உருட்டி, பூஞ்சையும் ஈஸ்டும் தானே படிய விட்ட உருண்டை அது. நம் சாடியில் போட்ட அடை எது? முளையால் செய்த அடை என்பது பழைய உரையின் கருத்து. ஆனால் புலவர் அதற்குச் சொல்லும் உவமையைக் கவனிக்க வேண்டும். பாம்பு குடியிருக்கும் புற்றுக்குள் காணும் கறையான் கூட்டைப் போல அந்த அடை இருந்தது என்கிறார். கறையான் கூடு என்ன? கறையான் தன் உணவுக்காக வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம். துளைதுளையாக, வெள்ளை முத்துப் படிந்து இருக்கும். வெறும் முளைமாவுக்கு அந்தத் தோற்றம் வராது. பூஞ்சை பூத்த அடைக்கு வரும். முளையும் பூஞ்சையும் சேர்ந்த ஓர் அடையாக அது இருந்திருக்கலாம் என்பது என் கருத்து. எந்த அடையாக இருந்தாலும் விளைவு ஒன்றே. காற்றில் பரவியதும், கையில் ஒட்டியதும், பானையில் தங்கியதும் என எல்லா நுண்ணுயிர்களும் அந்த அடையோடு சேர்ந்தே சாடிக்குள் போகின்றன. சாராயச் சத்தைத் தரும் ஈஸ்டும் போகிறது. புளிப்பைத் தரும் லாக்டிக் பாக்டீரியாவும் போகிறது. கள்ளைக் கெடுக்கப்போவது எதுவோ அது முதல் நாளே உள்ளே உட்கார்ந்திருக்கிறது!

இன்னொரு குறிப்பு இதைவிட வலுவானது. இரண்டாம் நாள் முடிவில் கள் இனிப்பாக இருந்தது என்கிறது பாட்டு. இனிப்பு என்றால் என்ன பொருள்? சர்க்கரை இன்னும் மிச்சம் இருக்கிறது. புளிப்பு வேலை முடியவில்லை. சாராயச் சத்து முழுதாக ஏறவில்லை. அப்படிப்பட்ட பானத்தை மூடி வைத்தால் நுரைத்துச் சாடி வாயைத் தள்ளும். திறந்து வைத்தால் புளித்துப்போகும். அதோடு அரிசி தீட்டாத அரிசி. தவிட்டில் எண்ணெய் உண்டு, புரதம் உண்டு. இரண்டும் வைத்திருக்க வைத்திருக்கச் சிக்கு வாடையையும் கலங்கலையும் தருபவை. ஜப்பானில் சாகே என்ற அரிசி மதுவை நல்ல தரத்தில் செய்பவர்கள் அரிசியின் மேற்புறத்தைப் பெரும்பகுதி தேய்த்து எறிந்துவிடுவது இதனால்தான். பிறகு வெந்நீர். வெந்நீர் விட்டார்களே, அதில் கிருமி செத்திருக்காதா? விரலை விட்டு அலசக்கூடிய சூட்டில் எந்தக் கிருமியும் முழுதாகச் சாகாது. வெந்நீர் அங்கே பிழிவதற்கு உதவியது. அதே நேரத்தில் இருந்த சாராயச் சத்தையும் நீர்க்கச் செய்தது. இனிப்பு மிச்சம், தவிடு மிச்சம், கிருமி மிச்சம், சாராயம் குறைவு. இப்படி ஒரு பானத்தைச் சித்திரை வெயிலில் நாற்பது பாகையைத் தொடும் இந்த வட ஆர்க்காட்டுச் சீமையில் எத்தனை நாள் வைக்க முடியும்? சீனத்தில் ஷாவ்ஷிங் மதுவையும் ஜப்பானில் சாகேயையும் குளிர்காலத்தில்தான் ஆக்குகிறார்கள். சாகே ஊறுவது பத்துப் பதினைந்து பாகைச் சூட்டில், வாரக்கணக்கில். குளிர் அவர்களுக்குக் கொடுத்த கால அவகாசத்தை நம் வானம் நமக்குக் கொடுக்கவில்லை. நம்மவர்கள் அதற்காக அழவில்லை. இரண்டே நாளில் முடியும் ஒரு முறையைக் கண்டுகொண்டார்கள்.

இப்போது பெரிய மறுப்புக்கு வருகிறேன். பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலர், நிலத்தில் புதைத்து முற்றிய தேறலைச் சொல்கிறாரே? ஔவையார் தேள் கொட்டியது போலக் கடுக்கும் நாட்பட்ட தேறலைச் சொல்கிறாரே? இவை முதிரவைத்ததற்குச் சான்று ஆகாவா? ஆகும். முதிரவைத்ததற்குச் சான்று ஆகும். அரிசியை முதிரவைத்ததற்குச் சான்று ஆகாது. கபிலர் பாட்டை முழுதும் படியுங்கள். அது வரகும் தினையும் அவரையும் விளையும் புன்செய். பாரியின் மலை தேனுக்குப் பேர்போன மலை. ஔவையார் பாட்டு அந்தத் தேறல் எதில் ஆனது என்று சொல்லவில்லை. மலைபடுகடாமோ மூங்கிலில் விளைந்தது தேன் கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. தேனில் இருப்பது மாவு இல்லை, சர்க்கரை. ஆகவே அதைப் புளிக்கவைக்க அடை வேண்டாம். கெட்டியாகக் கரைத்தால் சாராயச் சத்து மேலே ஏறும், ஏறிய சத்தே அதைக் காக்கும். மண்ணில் புதைத்தால் பகல் வெப்பம் தாக்காது, வெளிச்சம் படாது, கலம் அசையாது. தேன் கள்ளுக்கு இவை போதும். அரிசிக் கள் எங்கே சொல்லப்பட்டாலும் வீட்டுப் பேச்சாகவும் விருந்துப் பேச்சாகவும் களத்துப் பேச்சாகவுமே வருகிறது. ஆநிரை கவர்ந்து வந்த மறவர் வீட்டில் ஆக்கிய தோப்பி என்ற நெல்லரிசிக் கள்ளைக் குடிக்கிறார்கள், உடனே குடிக்கிறார்கள். இரண்டு வேறு பானங்களை ஒன்றாகக் குழப்பி, ஒன்றின் வயதை மற்றொன்றுக்குக் கொடுத்துவிட்டோம். அந்தக் குழப்பத்தைத்தான் பெருமை என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஷாவ்ஷிங் மது அரிசியில் ஆனதுதானே, அதைச் சாடியில் ஆண்டுக்கணக்கில் வைக்கிறார்களே என்று கேட்பீர்கள். வைக்கிறார்கள். எப்படி வைக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். முழுக்கப் புளிக்கவிட்டு, பிழிந்து தெளியவைத்து, நன்றாகக் காய்ச்சி, சூடு ஆறுமுன் சாடியில் ஊற்றி, தாமரை இலையால் வாயைக் கட்டி, மேலே களிமண் அப்பிப் பூசி வைக்கிறார்கள். ஜப்பானியர் பதினாறாம் நூற்றாண்டிலேயே சாகேயை மெல்லச் சூடாக்கிக் காக்கும் முறையை எழுதி வைத்துவிட்டார்கள். பிரான்சில் லூயி பாஸ்டர் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுக்கும் மேல் முந்திய காலம் அது. 1881இல் சாகேயைப் பற்றி நூல் எழுதிய ஆங்கிலேய வேதியியலாளர் அட்கின்சன் ஓர் அருமையான செய்தியைப் பதிந்திருக்கிறார். அங்கே யாரிடமும் வெப்பமானி இல்லை. சூடேறும் சாகேயின் மேற்பரப்பில் ஜப்பானிய எழுத்து ஒன்றை விரலால் எழுதிப் பார்ப்பார்கள். எழுதி முடிக்கும் மட்டும்தான் விரல் தாங்கும் என்றால் சூடு போதும். அளந்து பார்த்தால் சுமார் 55 பாகை! விரலே கருவி. இத்தனை செய்தும் சாகே கெட்டதுண்டு. இருபது விழுக்காட்டுச் சாராயத்திலும் சாகாத ஒரு வகை லாக்டிக் பாக்டீரியா அதில் வளர்ந்து, பீப்பாய் பீப்பாயாகக் கலக்கி, ஆலைகளைத் திவாலாக்கியது. ஹியோச்சி என்று அந்தக் கேட்டுக்குப் பெயர். அந்தக் கிருமி எதை உண்டு வளர்கிறது என்று தேடிய ஜப்பானிய ஆய்வாளர் தமுரா 1956இல் ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அதே அமிலத்தை அதே காலத்தில் அமெரிக்காவில் வேறு வேலையாக இருந்தவர்கள் மெவலோனிக் அமிலம் என்று கண்டார்கள். நம் உடல் கொலஸ்ட்ராலைக் கட்டும் வழியில் நிற்கும் முக்கியமான படி அது. கெட்டுப்போன அரிசி மதுவை ஏன் கெட்டது என்று கேட்டவர் மனித உடலின் ஒரு கதவருகே போய் நின்றார். கெட்டதை முகம் சுளித்துக் கொட்டிவிட்டுப் போயிருந்தால் இது கிடைத்திருக்குமா?

ஆக, அரிசி மது நெடுநாள் நிற்க வேண்டுமானால் நான்கு வேண்டும்: குளிரில் ஆக்கல், முழுக்கப் புளிக்கவிடல், சூடாக்கல், காற்றுப் புகாமல் அடைத்தல். நம் சாடிக்கு இந்த நான்கும் இல்லை. சூளையில் சுட்ட மட்பாண்டம் மூச்சு விடும். நீரைக் குளிரவைக்கும் அதே நுண்துளைகள் கள்ளுக்குள் காற்றை விடும். மேற்கிலிருந்து திராட்சை மது ஏற்றி வந்த மதுச் சாடிகளின் உடைசல்கள் அரிக்கமேட்டில் கிடைத்தன. 1945இல் தொல்லியலாளர் வீலர் அங்கே தோண்டினார். அப்படிப்பட்ட சாடிகளின் உட்புறத்தில் பிசின் பூசுவது மேற்கு நாட்டு வழக்கம். மாதக்கணக்கில் கடலில் வரும் மதுவுக்கு அது தேவை. அடுப்படியில் ஆக்கி முற்றத்தில் குடிக்கும் கள்ளுக்கு அது எதற்கு?

சரி, கெட்டதை எப்படி அறிவது? இந்தப் பகுதியை நான் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். அரிசிக் கள் ஒரு நாள் காலையில் திடீரென்று கெட்டுவிடுவதில்லை. அது நடந்துகொண்டே இருக்கிறது. முதலில் பச்சை மாவு வாடை. பிறகு அந்த வாடை போய், இனிப்பும் பழ மணமும். பிறகு இனிப்புக் குறைந்து உறைப்பு ஏறுதல். பிறகு புளிப்பு. பிறகு காடி. இந்த வழியில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. பெரும்பாணாற்றுப்படை பச்சை வாடை நீங்கியதை அடையாளமாகச் சொல்கிறது. அப்படியானால் சாடியைத் திறந்து முகர்ந்து பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள். மூக்குத்தான் முதல் சாட்சி. கள்ளின் புளிப்பு மோர்ப் புளிப்பாக இருந்தால் அது லாக்டிக் அமிலம். அது அரிசிப் புளிப்பில் இயல்பு. மூக்கைக் குத்தும் காடிப் புளிப்பானால் காற்றுப் பட்டு அசிட்டிக் பாக்டீரியா ஏறிவிட்டது. அந்தக் கள் இனி கள்ளாகத் திரும்பாது. இரண்டாவது சாட்சி கண். வடித்துத் தெளிந்தது மறுபடி கலங்கினால் உள்ளே ஏதோ வளர்கிறது. மேலே மெல்லிய வெள்ளை ஆடை படிந்தால் காற்று விளையாடிவிட்டது. பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று நிறம் படிந்தால் ஆடையை மட்டும் எடுத்துவிட்டுக் குடிக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத வேர் கீழே ஓடியிருக்கும், முழுதையும் கொட்ட வேண்டும். மூன்றாவது சாட்சி கை. ஊற்றும்போது எண்ணெய் போல, நூல் போல இழுபட்டால் கெட்டது. காது கூடச் சாட்சி சொல்லும்: நுரைக்கும் சாடியில் காதை வைத்தால் மெல்லிய சலசலப்புக் கேட்கும், அது நின்றால் புளிப்பு வேலை ஓய்ந்தது, ஓய்ந்த கள் நிறைய நேரம் தாங்காது. தாய்மார்களே, இதில் எதுவும் உங்களுக்குப் புதிது இல்லை. இட்லி மாவு பொங்கியதா புளித்ததா என்பதையும், பழைய சோறு நேற்றையதா முந்தாநாளையதா என்பதையும் மூடியைத் திறந்த கணத்தில் சொல்லிவிடுகிறீர்களே, அதே அறிவுதான் இது. அரிசியும் ஒன்று, கிருமிக் குடும்பமும் ஏறக்குறைய ஒன்று. கள் ஆக்குவதை நிறுத்திவிட்டோம்; அந்த மூக்கை நாம் இழக்கவில்லை.

கெட்ட கள்ளை என்ன செய்தார்கள்? இங்கே எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் மதுத் துறை அதிகாரிக்கு ஒரு தனி அத்தியாயமே உண்டு. அரிசியில் ஆக்கும் மேதகம் என்ற மதுவுக்கு அளவு சொல்கிறது அந்த நூல். கெட்ட மதுவையும் மறக்காமல் பேசுகிறது. நல்ல மது விற்கும் இடத்தில் அதை விற்காதே; அடிமைகளுக்கும் வேலையாட்களுக்கும் கூலியாகக் கொடு, அல்லது வண்டி மாட்டுக்கும் பன்றிக்கும் ஊற்று என்கிறது! கெட்டது என்பதை அரசு அறிந்திருக்கிறது. அறிந்த பின்பே அதை உழைப்பவனின் கூலியாக்கியிருக்கிறது. கெட்டதை அறியும் அறிவு ஒருவரிடமும், கெட்டதைக் குடிக்கும் வாய் வேறொருவரிடமும் இருந்தால் இதுதான் நடக்கும். வலைஞர் குடியிருப்பில் ஆக்கியவரே முகர்ந்தார், ஆக்கியவரே ஊற்றினார், ஊற்றியவரே கூட உட்கார்ந்து குடித்தார். அதனால்தான் அந்த வீட்டுச் சாடியை அரசனின் கிடங்கைவிட நான் உயர்வாக மதிக்கிறேன்.

மூக்கை நம்பச் சொல்கிறீர்களே, மூக்குக்குத் தெரியாத கேடு இல்லையா என்று கேட்பவர்களுக்கு இப்போது விடை சொல்ல வேண்டும். இருக்கிறது. நிச்சயமாக இருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் கள்ளச்சாராயம் குடித்து 20க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2024 ஜூன் மாதம் நம் அண்டையில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அங்கே கொன்றது கெட்டுப்போன கள் இல்லை. மெத்தனால். தொழிற்சாலைக்கான வேதிப்பொருளை யாரோ சாராயம் என்று விற்றார்கள். அரிசிச் சோறு புளிப்பதால் அந்த அளவு மெத்தனால் உண்டாவதில்லை. எத்தனை நாள் வைத்தாலும் உண்டாவதில்லை. குடித்தவனுக்கு வாசனையிலோ ருசியிலோ வேறுபாடு தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் கண் மங்கும், மூச்சு வாங்கும். அதற்குள் உடல் அதை ஃபார்மிக் அமிலமாக்கிப் பார்வை நரம்பை எரித்திருக்கும். கெட்டது வேறு, நஞ்சு வேறு. கெட்டதை மூக்கு சொல்லும், நஞ்சைச் சொல்லாது. இந்த வேறுபாட்டை நம் ஊர்களில் யாராவது தெளிவாகப் பேசியிருக்கிறோமா? பழைய கள்ளைப் பார்த்துப் பழகிய கண்ணோடு, நிறமில்லாத பாக்கெட் சாராயத்தை மதிப்பிடப் போனவர்கள் செத்தார்கள்.

இன்னும் ஒரு கடினமான உதாரணம் இருக்கிறது. 2015 ஜனவரியில் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாட்டில், சிதிமா என்ற ஊரில் ஒரு சாவு வீட்டுக்கு வந்தவர்கள் பொம்பே என்ற வீட்டுப் புளிப்புப் பானத்தைக் குடித்தார்கள். 75 பேர் இறந்தார்கள். முதலைப் பித்தத்தை யாரோ கலந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. ஆய்வுக்கூடம் வேறு சொன்னது: அதில் சேர்ந்த மக்காச்சோள மாவு முன்பே நனைந்து கெட்டிருந்தது, அதில் வளர்ந்த ஒரு பாக்டீரியா பொங்க்ரெக்கிக் அமிலம் என்ற நஞ்சைச் சுரந்திருந்தது. அதற்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை, கொதித்தாலும் போகாது. இந்த நிகழ்ச்சி என் வாதத்தை உடைக்கிறதா? உடைக்கவில்லை, ஆனால் அதற்கு எல்லை கட்டுகிறது. சாடியின் வாயில் முகர்ந்து பார்ப்பது போதாது. அறிவு தானியத்திலிருந்தே தொடங்க வேண்டும். ஈரம் பட்ட நெல், பூசணம் பிடித்த அரிசி, கட்டியான மாவு, இவற்றில் ஆனது புளித்த பிறகு மணமாக இருந்தாலும் கொட்டப்பட வேண்டியதே. இது கள்ளுக்கு மட்டும் சொன்னது என்று எண்ண வேண்டாம். ரேஷன் அரிசிக்கும், மழையில் நனைந்த கோதுமைக்கும், இட்லிக்கு ஊறப்போடும் உளுந்துக்கும் இதே விதி.

புளித்த கள்ளைக் கொட்டியாக வேண்டுமா என்றும் ஒரு கேள்வி. தானியம் நல்லதாக இருந்து, காற்றுப் பட்டுக் காடியானது என்றால் கொட்ட வேண்டியதில்லை. அது வேறு பண்டமாகிவிட்டது. காடி நம் சமையலிலும் சித்த மருந்துக் கூடத்திலும் நெடுங்காலம் இருந்த பொருள். கள் இரண்டு நாளில் கடந்துபோகும். காடி மாதக்கணக்கில் நிற்கும். கெடுக்கும் அமிலமே அதைக் காக்கும் அமிலமாகிறது. சேமித்து வைக்க நம்மவர்கள் எதையாவது தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அரிசிக் கள்ளைவிட இந்தக் காடியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

நண்பர்களே, இதுவரை நான் காட்டியவை பெரும்பாலும் பாட்டுச் சான்றுகளும் வேதியியல் சான்றுகளும்தான். மூன்றாவது சான்று மண்ணுக்குள் இருக்கிறது. சீனத்தில் ஜியாஹு என்ற இடத்தில் கிடைத்த சுமார் 9,000 ஆண்டுப் பழமையான பானை ஓடுகளின் உட்சுவரில் ஊறியிருந்த படிவைச் சோதித்து, அரிசியும் தேனும் பழமும் சேர்த்துப் புளிக்கவைத்த பானம் அதில் இருந்தது என்று 2004இல் அறிவித்தார்கள். நம்மிடம் பானைகள் இல்லையா? பழனிப் பக்கம் பொருந்தலில் ஒரு கல்லறைப் பானையிலிருந்து இரண்டு கிலோ நெல்லே கிடைத்தது. அதன் காலம் பொது ஆண்டுக்கு முன் 490 என்று கணிக்கப்பட்டது. செங்கம், போளூர், கலசப்பாக்கம் பக்கங்களில் ஏர் முனையிலும் கிணறு வெட்டும்போதும் பழம்பானை உடைந்து வருவதைக் காணாத உழவர் இங்கே இருக்கிறாரா? அப்படி ஒரு பானை கிடைத்தால் நாம் என்ன செய்கிறோம்? முதல் வேலையாகக் கழுவுகிறோம்! நாரால் தேய்த்துப் பளபளப்பாக்கிப் படம் எடுக்கிறோம். கழுவிய அந்த நீரோடு ஈராயிரம் ஆண்டுச் சான்று ஓடிப்போகிறது. இந்த மாவட்டத்து ஆசிரியர்களிடமும், வரலாற்று ஆர்வலர்களிடமும், உழவர்களிடமும் என் வேண்டுகோள் இது: பானை கிடைத்தால் கழுவாதீர்கள். உள்ளே இருக்கும் மண்ணை வெளியே தட்டாதீர்கள். அடிப்பகுதி ஓடு, வாய்ப்பகுதி ஓடு இரண்டையும் வெறுங்கையால் உட்புறம் தொடாமல் சுத்தமான தாளில் பொதியுங்கள். நெகிழிப் பையில் இட்டால் நெகிழியின் எண்ணெய்ச் சத்து ஓட்டில் ஏறிச் சோதனையைக் குழப்பும். பக்கத்து மண்ணிலும் ஒரு கைப்பிடி தனியே எடுத்து, இடமும் நாளும் எழுதி, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். மூக்குள்ள ஒரு கெண்டி கிடைத்தால், நடுகல்லுக்கு அருகே கிடைத்தால், அதை இன்னும் கவனமாக எடுங்கள். அதன் அடியில் ஊறியிருப்பது அரிசியா, தேனா, பனையா என்று சொல்ல இன்று கருவிகள் இருக்கின்றன. நான் இன்று சொன்னது சரியா தவறா என்பதை அந்த ஓடு தீர்க்கட்டும்.